வீட்டோடு மாப்பிள்ளையாக ஜெர்மனி போகிறவருக்கு

இந்த விடுமுறையில் கோத்தகிரிக்கு வந்ததிலிருந்து மூன்று பேர் என்னிடம் ஒரே விஷயத்தைக் கேட்டுவிட்டார்கள். ஒருவர் அரவேனுவிலிருந்து தங்கையைக் கூட்டிக்கொண்டு வந்தார். அந்தப் பெண்ணுக்கு ஜெர்மன்காரர் ஒருவரோடு கல்யாணம் முடிந்திருக்கிறது, ஆடி கழிந்ததும் மாமியார் வீட்டுக்குப் போகிறாள். "என்னென்ன எடுத்துட்டுப் போகணும் அண்ணா?" என்றுதான் ஆரம்பித்தாள். பெட்டியைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

ஸ்டுட்கார்ட்டுக்குத் தெற்கே, ஸ்வாபிய மலையடிவாரத்தில் ஒரு சின்ன ஊர். மனைவியின் அப்பா அம்மா வீட்டில், மாடியில், ஐந்து வருடமாக இருக்கிறேன். நம் ஊர்க் கணக்கில் வீட்டோடு மாப்பிள்ளை. அந்தச் சொல்லுக்குக் கூச்சப்பட்டு யாரும் வாழ்க்கையைத் தள்ளிப்போட வேண்டாம். ஆனால் ஒன்றில் மட்டும் கவனமாக இருங்கள்: கட்டிக்கொண்டவரை மொழிபெயர்ப்பாளர் ஆக்கிவிடாதீர்கள். முதல் ஆறு மாதம் நான் அதைத்தான் செய்தேன். சாப்பாட்டு மேசையில் மாமியார் ஏதாவது கேட்பார், நான் மனைவியின் முகத்தைப் பார்ப்பேன். அவள் எனக்குச் சொல்வாள், என் பதிலை வாங்கி அங்கே சொல்வாள், அவர்கள் சிரித்தால் ஏன் சிரித்தார்கள் என்றும் சொல்வாள். நாள் முழுக்க ஆபீஸில் வேலை பார்த்துவிட்டு வந்தவளுக்கு அது இரண்டாவது வேலை. ஒருநாள் இரவு, "இன்னைக்கு என்னால பேச முடியல" என்று அழுதுவிட்டாள். அன்றுதான் எனக்கு உறைத்தது. கீழே வரும் ஒவ்வொன்றையும் அந்த இரவை மனதில் வைத்துத்தான் சொல்கிறேன்.

முதலில் மொழி. ஜெர்மன் குடிமகளை மணந்து குடும்ப விசாவில் போவதற்கு ஏ1, அதாவது ஜெர்மன் மொழியின் முதல் நிலைச் சான்றிதழ் வேண்டும். கேட்டல், படித்தல், எழுதுதல், பேசுதல் என்று நான்கு பகுதி, நூற்றுக்கு 60 எடுத்தால் தேர்ச்சி. நான் கோயம்புத்தூர் கோத்தே சென்டரில் படித்தேன். விடியற்காலை பஸ்ஸைப் பிடித்து மேட்டுப்பாளையம் இறங்கி, அங்கிருந்து இன்னொரு பஸ். வளைவுகளில் தலை சுற்றும், அதனால் புத்தகத்தைத் திறக்காமல் காதில் மாட்டிக் கேட்டுக்கொண்டே போவேன். அது நல்ல பழக்கமாகிவிட்டது. ஏ1 கிடைத்ததும் படிப்பை நிறுத்திவிடாதீர்கள். விசாவுக்குக் காத்திருக்கும் மாதங்களில் அடுத்த நிலையான ஏ2வையும் முடித்துவிட்டால் அங்கே இறங்கிய அன்றே மாமனாரோடு நீங்களே பேசலாம். அங்கே போனபின் ஒருங்கிணைப்பு வகுப்பு உண்டு: 600 பாடவேளை மொழி, 100 பாடவேளை நாட்டு நடப்பும் சட்டமும், இலக்கு அதற்கும் அடுத்த நிலையான பி1. குளிர்காலம் முடியட்டும் என்று தள்ளாமல் உடனே சேருங்கள். எனக்கு நண்பர்கள் கிடைத்ததே அந்த வகுப்பில்தான்.

அடுத்து காகிதம். நம்மவர்களுக்கு இதில் பெரிய தலைவலி இனிஷியல். பள்ளிச் சான்றிதழில் ஓர் எழுத்து, பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக, பிறப்புச் சான்றிதழில் குழந்தையின் பெயரே இல்லாமல் 'ஆண்' என்று மட்டும். என்னுடையது அப்படித்தான் இருந்தது. கல்யாணத்துக்கு முன்பே பிறப்புச் சான்றிதழில் பெயரைச் சேர்த்து, எல்லாக் காகிதத்திலும் ஒரே எழுத்துக்கூட்டல் இருக்கிறதா என்று விரல் வைத்துச் சரிபாருங்கள். சிறப்புத் திருமணச் சட்டத்தில் பதிவு செய்வதென்றால் 30 நாள் அறிவிப்பு இருக்கிறது, விமான டிக்கெட்டை அதற்கேற்ப எடுங்கள். ஜெர்மன் படிவங்களில் குடும்பப் பெயருக்குத் தனிக் கட்டம் உண்டு. என் பாஸ்போர்ட்டில் அந்த இடத்தில் அப்பா பெயர் இருந்ததால் அங்கே வங்கி, தபால்காரர், டாக்டர் எல்லோருக்கும் நான் என் அப்பா பெயர்தான். அப்பா இறந்து பன்னிரண்டு வருடம் ஆகிறது. டாக்டர் வீட்டு வரவேற்பறையில் முதன்முறை 'ஹெர்' (நம் 'திரு') சேர்த்து அந்தப் பெயரை உரக்கக் கூப்பிட்டபோது எழுந்திருக்கக் கொஞ்ச நேரம் ஆனது.

போய் இறங்கி இரண்டு வாரத்துக்குள் நகராட்சியில் முகவரியைப் பதிய வேண்டும், அதற்கு 'அன்மெல்டுங்' என்று பெயர். வீட்டு உரிமையாளர் கையெழுத்துப் போட்ட உறுதிப் படிவம் இல்லாமல் பதிய மாட்டார்கள். மாமனார் வீடுதானே என்று விட்டுவிடாதீர்கள், அவரும் அதே படிவத்தில் கையெழுத்திட வேண்டும். பதிந்த சில வாரங்களில் வரி எண் தபாலில் வரும். மனைவி அரசு முறைக் காப்பீட்டில் இருந்து, உங்களுக்கு வருமானம் இல்லையென்றால், தனிச் சந்தா இல்லாமல் அவரோடு சேர்ந்து உங்களுக்கும் மருத்துவக் காப்பீடு உண்டு. இந்தக் கடிதங்களையெல்லாம் உங்கள் பெயர் எழுதிய ஒரு ஃபைலில் நீங்களே கோத்து வையுங்கள். மனைவியின் ஃபைலுக்குள் போனால் பிறகு ஒவ்வொன்றுக்கும் அவரைத்தான் கேட்க வேண்டிவரும்.

சரி, வீட்டுக்குள் வருவோம். முதல் இரவே மாமியார் கையைப் பிடித்து, "என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடு" என்றார். ஜெர்மனில் 'ஸீ' என்பது நீங்கள், 'டூ' என்பது நீ. மூத்தவர்தான் 'டூ'வுக்கு அனுமதி தர வேண்டும், தந்தபின் மறுபடி 'ஸீ' என்றால் விலகிப் போவதாக நினைத்துக்கொள்வார்கள். ஆனால் அம்மா வயதுள்ளவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட என் நாக்கு எழவில்லை. இரண்டு வாரம் அவரைக் கூப்பிடாமலே சமாளித்தேன். பக்கத்தில் போய் நின்று இருமுவேன், அவர் திரும்பிப் பார்ப்பார். பிறகு எனக்குத் தெரிந்த ஜெர்மனில் நானே சொன்னேன்: எங்கள் ஊரில் மாமியாரை 'அத்தை' என்போம், அப்பாவின் சகோதரிக்கும் அதே சொல். அவர் ஒரு காகிதத்தில் அதை எழுதிக்காட்டச் சொல்லி இரண்டு மூன்று முறை சொல்லிப் பார்த்தார். இப்போது ஃப்ரிட்ஜில் எனக்கு ஒட்டிவைக்கும் சீட்டுகளின் அடியில் 'அத்தை' என்று தமிழில் எழுதுகிறார், 'த்'துக்குப் புள்ளி வைக்க மட்டும் மறந்துவிடுவார். உங்களுக்கும் அந்தக் கூச்சம் இருந்தால் மறைக்காமல் காரணத்தைச் சொல்லிவிடுங்கள். கூப்பிடாமல் இருப்பதை அவர்கள் மரியாதை என்று எடுத்துக்கொள்வதில்லை.

பாடப்புத்தக ஜெர்மனை நம்பிப் போனால் ஸ்வாபியத் தாத்தா பாட்டிகள் பேசுவது முதலில் வேறு மொழி போலக் கேட்கும். 'இல்லை' என்று பொருள்படும் 'நிஷ்ட்' என்பது 'நெட்', எல்லாவற்றுக்கும் வாலில் ஒரு 'லெ': வீடு 'ஹொய்ஸ்லெ', கொஞ்சம் 'பிஸ்லெ'. பேச்சை முடிக்கும்போது 'கெல்?' என்பார்கள், நம் 'இல்லையா?' மாதிரி. இதில் மலையில் வளர்ந்தவர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. கோத்தகிரி மார்க்கெட்டில் தமிழ், படுகு, மலையாளம், கன்னடம் எல்லாம் காதில் விழுந்துதானே வளர்ந்தோம்? பள்ளியில் பக்கத்தில் உட்கார்ந்தவனிடம் கேட்டுக் கேட்டுத்தான் எனக்குப் படுகு புரிந்தது. அதே காதைத் திறந்து வைத்து, பாட்டியோடு உட்கார்ந்து காய் நறுக்குங்கள். மனைவி அந்த அறையில் இல்லாத நேரமாகப் பார்த்து உட்காருங்கள்.

காசு விஷயம் என்னைக் கொஞ்ச நாள் வருத்தியது. மூன்றாம் மாதம் மாமனார் ஒரு தாளைக் கொண்டுவந்து வைத்தார். ஹீட்டிங், கரண்ட், தண்ணீர், குப்பை வரி எல்லாவற்றையும் வரிசையாக எழுதி, பக்கத்தில் எங்கள் பங்கு. பெற்ற மகளிடம் கணக்குப் பார்க்கிறாரே என்று அன்று நான் சரியாகச் சாப்பிடவில்லை. அவர் மனதில் இருந்தது வேறு. கணக்குத் தெளிவாக இருந்தால்தான் மாடி எங்களுக்குச் சொந்த வீடு, நாங்கள் விருந்தாளிகள் அல்ல. அதன் பிறகு மாடிக்கு வரும்போது அவர் கதவைத் தட்டிவிட்டுத்தான் வந்தார். இந்தப் பேச்சை அவர்கள் எடுக்கும்வரை காத்திருக்காதீர்கள், முதல் மாதமே நீங்கள் கேளுங்கள்.

வீட்டில் ஒரு வேலையை உங்கள் பொறுப்பில் எடுத்துக்கொள்ளுங்கள். நான் பனி தள்ளுவதை எடுத்துக்கொண்டேன். வீட்டு முன் நடைபாதையில் விழுந்த பனியைக் காலை ஏழு மணிக்குள் அள்ளியாக வேண்டும், யாராவது வழுக்கி விழுந்தால் பொறுப்பு வீட்டுக்காரருக்கு. ஊட்டியில் உறைபனியைப் பார்த்தவன்தானே என்று முதல் நாள் கம்பளிக் கையுறையோடு போனேன், ஐந்து நிமிடத்தில் நனைந்து விறைத்துவிட்டது. தண்ணீர் புகாத கையுறையும் ஷூவும் அங்கேயே வாங்குங்கள். குப்பையைப் பிரிப்பது, ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது, அன்றைக்குச் சத்தமான வேலை கூடாது, இவையெல்லாம் ஒரு மாதத்தில் தானாகப் பழகிவிடும்.

அடுப்படி அத்தையுடையது. அதைப் பிடுங்காதீர்கள், ஒரு நாளைக் கேட்டு வாங்குங்கள். எனக்கு வெள்ளிக்கிழமை. தாளிக்கும் முன் ஜன்னலை அகலத் திறந்து, கூடத்துக் கதவைச் சாத்திவிடுங்கள், இல்லாவிட்டால் வரவேற்பறைவரை மிளகாய்ப் புகை போய்ப் புகை எச்சரிக்கை மணி அலறும். ஜன்னலைத் திறப்பது அங்கே ஒரு ஒழுக்கம்: குளிர்காலத்திலும் தினம் சில முறை ஐந்து பத்து நிமிடம் முழுக்கத் திறந்து மூடுவார்கள், ஈரம் சேர்ந்து சுவரில் பூஞ்சை பிடிக்காமல் இருக்க. மழைக்காலத்தில் பீரோவுக்குள் துணி பூத்துப்போவதைப் பார்த்த நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. இரவில் பெரும்பாலும் ரொட்டி, சீஸ் என்று ஆறின சாப்பாடுதான். ஆனால் ஸ்வாபியர்களுக்குப் பயறும், முட்டை சேர்த்த நூடுல்ஸ் போன்ற 'ஷ்பெட்ஸ்லெ'யும் உயிர். பயறு வெந்ததும் கடைசியில் வினிகர் விடுவார்கள், நம் புளிக்குப் பதிலாக. அதற்கு மேல் கடுகு தாளித்துக் கொட்டலாமா என்று கேட்டு, பாதியை மட்டும் தனிக் கிண்ணத்தில் எடுத்துத் தாளித்தேன். பாட்டி இரண்டு கிண்ணத்திலும் சாப்பிட்டார்.

வண்டி ஓட்டுகிறவர்களுக்கு: நம் லைசென்ஸ் அங்கே குடியேறியதிலிருந்து ஆறு மாதம்தான் செல்லும். அதன்பின் எழுத்துத் தேர்வும் ஓட்டுத் தேர்வும் எழுதித்தான் ஆக வேண்டும். கொண்டை ஊசி வளைவில் பஸ்ஸுக்கு ஒதுங்கிப் பழகிய கையாக இருந்தாலும், வலப்பக்கம் ஓட்டுவதும், பலகை இல்லாத சந்திப்பில் வலப்புறம் வருபவருக்கு வழிவிடுவதும் புதிதாகத்தான் இருக்கும். பணம் சேர்த்து வையுங்கள், செலவு அதிகம்.

இப்போது பெட்டி. நெய், பால்கோவா எடுத்துப் போகாதீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வெளியிலிருந்து இறைச்சியும் பால் பொருளும் கொண்டுபோகத் தடை. பச்சைக் கறிவேப்பிலைக்குத் தாவர நலச் சான்றிதழ் கேட்பார்கள், அதனால் பொடியாக இடித்துக்கொள்ளுங்கள். சாம்பார்ப் பொடி, பருப்புப் பொடி, பெருங்காயம், நீலகிரித் தேயிலை, ஒரு பெட்டி ஊட்டி வர்க்கி, எல்லாம் சரி. தேன் ஆளுக்கு 2 கிலோ வரை விடுவார்கள். நான் வருடாவருடம் மலைத்தேன் கொண்டுபோகிறேன். மாமனார் வெண்ணெய் தடவிய ரொட்டியில் அதை ஊற்றி, கண்ணை மூடிக்கொண்டு சாப்பிடுவார். கசப்பு எங்கிருந்து வருகிறது என்று கேட்டார், எந்தெந்தப் பூ என்று என்னிடம் கேட்டு எழுதிக்கொண்டார். பாட்டிலைச் சட்டைக்குள் சுற்றி, பெட்டியின் நடுவில் வையுங்கள்.