மின்சார ரயிலில் ஆல்ட்டோ படிப்பது எப்படி

எனக்கு வீடு கூடுவாஞ்சேரி, வேலை பாரிமுனையில். ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கு பார்க்கிறேன். போக ஒன்றேகால் மணி நேரம், வர ஒன்றேகால் மணி நேரம். சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு ஆலயத்தில் கொயர், அதாவது பாடகர் குழு, பிராக்டிஸ். பதினோரு வருடமாக ஆல்ட்டோ, அதாவது பெண்களின் தாழ்ந்த குரலுக்கான வரி, பாடுகிறேன். புதிதாகச் சேரும் பெண்கள், "எப்படிக்கா நேரம் கிடைக்குது?" என்று கேட்பார்கள். எனக்குக் கிடைத்த நேரமெல்லாம் ரயிலில் கிடைத்ததுதான். உங்கள் பார்ட்டை, அதாவது உங்கள் குரலுக்கு உரிய வரியை, ரயிலிலேயே படித்து முடித்துவிடுங்கள். சனிக்கிழமை கிடைக்கும் ஒன்றரை மணி நேரம் பக்கத்தில் நிற்பவர்களின் குரலைக் கேட்பதற்கு வேண்டும். அங்கே வந்து சுரம் தேடினால் இருபது பேர் காத்திருக்க வேண்டியிருக்கும்.

முதலில் உட்கார இடம் வேண்டும். செங்கல்பட்டிலிருந்து வரும் வண்டி எங்கள் ஊருக்கு வரும்போதே நிறைந்துவிடும். அதில் ஏறித் தாம்பரத்தில் இறங்கி, அங்கேயே புறப்படும் பீச் வண்டிக்கு மாறுவேன். பத்து நிமிடம் தாமதமாகும், ஆனால் மகளிர் பெட்டியில் ஜன்னல் ஓரம் கிடைத்துவிடும். பூ கட்டுகிறவர்களும் கீரை ஆய்கிறவர்களும் அவரவர் வேலையில் இருப்பார்கள். நான் என் தாளை எடுப்பேன்.

எங்களுடையது சோல்ஃபா தாள், சுரங்களை எழுத்தால் குறிப்பது. ஜான் கர்வன் 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் பரப்பிய முறை. ஐந்து கோட்டில் எழுதும் மேற்கத்திய இசைக்குறிப்பைப் படிக்கத் தெரியாதவர்களும் நான்கு பார்ட் பாடலாம் என்பதால் நம் ஆலயங்களில் நன்றாக ஒட்டிக்கொண்டது. டோ, ரே, மீ என்பதன் முதல் எழுத்துதான் சுரம். இரண்டு புள்ளி வந்தால் அடுத்த அடி, சிறு கோடு வந்தால் முந்தைய சுரத்தையே நீட்ட வேண்டும். தாளை நான்காக மடித்து, ஆல்ட்டோ வரி மட்டும் மேலே தெரியும்படி வைத்துக்கொள்ளுங்கள். மெட்டைப் பாடும் மேல் குரலான சோப்ரானோவின் வரி கண்ணில் பட்டால் மனம் அந்த மெட்டுக்கே ஓடும். ஆல்ட்டோவில் பல இடங்களில் ஒரே 'சோ' நான்கு ஐந்து அடிக்கு நிற்கும், பிறகு அரைச் சுரம் இறங்கும். நாம் வழுக்குவது அந்த அரைச் சுரத்தில்தான். அதைப் பென்சிலால் வட்டமிடுங்கள்.

தாம்பரத்திலிருந்து பல்லாவரம் வரை சுரத்தை மட்டும் மனதுக்குள் சொல்லுங்கள். வார்த்தை வேண்டாம். அதற்குப் பிறகு வார்த்தையைச் சேருங்கள். கிண்டி தாண்டியதும் அடையாற்றுப் பாலத்தில் வண்டி பெரிய சத்தம் போடும். அந்த ஒரு நிமிடம் வாயை மூடிக்கொண்டு ஹம் செய்வேன், யாருக்கும் கேட்காது. மாம்பலத்தில் கூட்டம் இறங்கிப் பெட்டி கொஞ்சம் காலியாகும். அப்போது ஒரு காதில் மட்டும் இயர்போன் வைத்து, கொயர் மாஸ்டர் கீபோர்டில் வாசித்து வாட்ஸ்அப்பில் அனுப்பிய சோப்ரானோவைக் கேட்டபடி என் வரியை உள்ளுக்குள் பிடித்துப் பார்ப்பேன். அது ஓடும்போது என் வரி கலையாமல் நின்றால் அந்தப் பாட்டு வந்துவிட்டது என்று அர்த்தம். ஒரு பாட்டுக்கு எனக்கு நான்கு நாள் ஆகும், கடினமானதற்கு எட்டு நாள்.

கீர்த்தனை வேறு மாதிரி. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் போன்றவர்கள் எழுதியவற்றுக்குப் புத்தகத்தில் ராகமும் தாளமும் மேலே போட்டிருக்கும், பல்லவி, அனுபல்லவி, சரணம் என்று போகும். அங்கே நான்கு பார்ட் கிடையாது, எல்லோருக்கும் ஒரே மெட்டு. வளைவும் நெளிவும் தாளில் வராது, பெரியவர்கள் பாடக் கேட்டுத்தான் படிக்க வேண்டும். ரயிலில் செய்யக்கூடியது தாளம். கைப்பையை மடியில் வைத்து ஆதி தாளம் போடுங்கள்: ஒரு தட்டு, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல், பிறகு தட்டு வீச்சு, தட்டு வீச்சு. சரணம் எந்த அடியில் எடுக்கிறது என்பது கைக்குத் தெரிந்துவிட்டால் வாய் தானாக வரும்.

குரலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ரயிலில் போன் பேசாதீர்கள். ஓடும் வண்டியின் சத்தத்துக்கு மேலே பேசுவது தொண்டைக்குப் பெரிய பாரம். ஒரு டிசம்பரில் சரக்கு பில் விஷயமாக எழும்பூரிலிருந்து தாம்பரம் வரை கத்திக் கத்திப் பேசினேன். மறுநாள் கேரல் ஆராதனையில் வாயை மட்டும் அசைத்துக்கொண்டு நின்றேன். பக்கத்தில் மூன்றே ஆல்ட்டோ, நான்காவது நான். அன்று பட்ட வருத்தம் இன்னும் போகவில்லை. இப்போது போன் வந்தால் "இறங்கிக் கூப்பிடுறேன் சார்" என்று சொல்லி வைத்துவிடுவேன். பையில் வெந்நீர் பிளாஸ்க், ஒரு துண்டு பனங்கற்கண்டு.

அடுத்தது ஆபீஸ். கணக்கு வேலையில் இருப்பவர்களுக்கு மாதத்தில் இரண்டு ஜிஎஸ்டி தேதி நெருக்கும்: விற்பனை விவரம் தரும் ஜிஎஸ்டிஆர்-1க்கு 11, வரி கட்டும் 3பிக்கு 20. நவம்பர் முதல் வாரத்திலேயே மாஸ்டரிடம் இந்தத் தேதிகளைச் சொல்லிவிடுவேன், மேனேஜரிடம் கேரல் ரவுண்ட்ஸ் (கிறிஸ்துமஸுக்கு வீடு வீடாகப் போய்ப் பாடுவது) தேதிகளைச் சொல்லிவிடுவேன். 14ஆம் தேதி 2பி, அதாவது நம் கொள்முதலுக்கான வரிப் பட்டியல், வந்ததும் கொள்முதல் பில்லோடு ஒப்பிடத் தொடங்கி 17க்குள் 3பியை முடித்துவிட்டால் 20க்கு முந்தைய இரவுகள் நம் கையில். கடைசி நாளில் போய்ப் பர்மிஷன் கேட்டு நிற்காதீர்கள். முன்கூட்டிச் சொன்ன வருடங்களில் எனக்கு யாரும் மறுத்ததில்லை.

வீட்டில் சனிக்கிழமை இரவுச் சாப்பாடு தோசை என்று முடிவு, மாவு வெள்ளிக்கிழமையே அரைத்துவிடுவேன். அவ்வளவுதான்.

கேரல் ரவுண்ட்ஸ் தான் உண்மையான பரீட்சை. இரவு ஒன்பதுக்குக் கிளம்பினால் ஒரு மணி, இரண்டு மணி வரை வீடு வீடாகப் போவோம். கிடாரும் டிரம்மும் வேனில் வரும், ஒவ்வொரு வீட்டிலும் கேக்கும் டீயும். முன் இரண்டு வீடுகளில் முழுக்குரலில் பாடித் தீர்த்துவிடாதீர்கள், பத்தாவது வீட்டுக்கும் குரல் வேண்டும். கேக் குறைவாகச் சாப்பிடுங்கள், டீயைவிட வெந்நீர் நல்லது. காதையும் கழுத்தையும் சால்வையால் மூடிக்கொள்ளுங்கள். மறுநாள் தாம்பரத்தில் வண்டி மாறவேண்டாம், கூட்டமானாலும் நேர் வண்டியில் ஏறிக் கிடைத்த கம்பியில் சாய்ந்து தூங்குங்கள்.

பட்டியலுக்கு வெளியே இரண்டு மூன்று பழைய கீர்த்தனைகளை மனப்பாடமாக வைத்திருங்கள். போன வருடம் ஒரு வீட்டில் நடு இரவு தாண்டி, பாட்டியம்மா ஒருவர் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். நாங்கள் பாடி முடித்ததும் அவருடைய கணவர் விரும்பிப் பாடும் கீர்த்தனை ஒன்றைக் கேட்டார். எங்களில் நான்கு பேருக்குத்தான் தெரியும். டிரம் இல்லாமல் மெதுவாக எடுத்தோம். அவர் கேட்டின் இரும்புக் கம்பியில் விரலால் தாளம் போட்டார். எனக்கு முதல் சரணம்தான் நினைவிருந்தது, இரண்டாவதை அவரே எடுத்துக் கொடுத்தார்.

அந்தக் கீர்த்தனையை இப்போது முழுதாகப் படிக்கிறேன். நான்கு சரணம். மூன்றாவது மட்டும் குரோம்பேட்டைக்குள் நிற்காமல் இன்னும் நழுவுகிறது.