ஜெர்மனியில் இரு வகைப் பல்கலைக்கழகங்கள்: தேர்வு செய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

"சார், கடிதத்தில் பயன்பாட்டு அறிவியல் பல்கலைக்கழகம் என்று போட்டிருக்கிறது. இது நம்ம ஊர் பாலிடெக்னிக் மாதிரியா?" ஜெர்மனியில் முதுகலைப் படிப்புக்கு இடம் கிடைத்த பிள்ளைகளின் பெற்றோர் பலர் இந்தக் கேள்வியை என்னிடம் கேட்டிருக்கிறார்கள். வங்கிக் கடனும் வீட்டு நகையும் சேர்ந்து போகிற பயணம் என்பதால் அவர்களுடைய கவலை நியாயமானது. 2022-23 குளிர்காலப் பருவத்திலிருந்து ஜெர்மனியின் வெளிநாட்டு மாணவர்களில் இந்தியர்களே மிகப் பெரிய குழுவினர். அவர்களில் தமிழ்ப் பிள்ளைகள் ஏராளம். ஆனாலும் அந்த நாட்டின் உயர்கல்வி, ஆய்வை மையமாகக் கொண்ட மரபான பல்கலைக்கழகம், தொழில்சார்ந்த பயிற்சியை மையமாகக் கொண்ட பயன்பாட்டு அறிவியல் பல்கலைக்கழகம் என இரண்டு வேறு தடங்களில் ஓடுகிறது என்பதைப் பலர் விண்ணப்பம் அனுப்பி முடித்த பிறகே தெரிந்துகொள்கிறார்கள்.

அந்தக் கேள்வியிலேயே முதல் தவறு இருக்கிறது: பயன்பாட்டு அறிவியல் பல்கலைக்கழகத்தை இரண்டாம் தரமாக எண்ணுவது. ஜெர்மானிய மாநிலங்கள் 1968-இல் தங்களுக்குள் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, பழைய பொறியியல் பள்ளிகளும் உயர்நிலைத் தொழிற்பள்ளிகளும் ஒன்றிணைக்கப்பட்டு, 1969 முதல் 1971 வரையிலான காலத்தில் 'ஃபாக்ஹோக்ஷூலே' (சுருக்கமாக எஃப்ஹெச்) என்ற புதிய வகை உயர்கல்வி நிறுவனங்களாக உருப்பெற்றன. இவையே இன்றைய பயன்பாட்டு அறிவியல் பல்கலைக்கழகங்கள். வளர்ந்துகொண்டிருந்த தொழில்துறைக்கு, அறிவியல் அடிப்படை தெரிந்த, ஆனால் தொழிற்சாலைத் தளத்தில் உடனே இறங்கக்கூடிய பொறியாளர்கள் தேவைப்பட்டார்கள் என்பதே அதற்குக் காரணம். முன்பு அங்கே வழங்கப்பட்ட டிப்ளோம் பட்டத்தின் பின்னால் அடைப்புக்குறிக்குள் 'எஃப்ஹெச்' என்று எழுதி, அதைப் பல்கலைக்கழகப் பட்டத்திலிருந்து பிரித்துக் காட்டினார்கள். பட்டங்களை ஒரே அமைப்புக்குக் கொண்டுவர ஐரோப்பிய நாடுகள் செய்த 1999-ஆம் ஆண்டின் பொலோன்யா பிரகடனத்தைத் தொடர்ந்து இளங்கலை, முதுகலை என்ற அமைப்பு வந்தபோது அந்த அடைப்புக்குறி மறைந்தது. இன்று இரண்டு வகை நிறுவனங்களும் தரும் முதுகலைப் பட்டம் ஒரே நிலையிலானது; எதை வைத்திருந்தாலும் முனைவர் பட்டத்துக்கு விண்ணப்பிக்கும் தகுதி உண்டு.

இதைக் கேட்டவுடன் சிலர் எதிர்ப்பக்கத் தவறுக்குத் தாவிவிடுகிறார்கள். பட்டம் சமம் என்றால் படிப்பும் ஒன்றுதான், எங்கே இடம் கிடைத்தாலும் போகலாம் என்று முடிவுகட்டுகிறார்கள். பட்டத்தின் மதிப்பு சமமாக இருந்தாலும் பயிற்சியின் தன்மை வேறு. அந்த வேறுபாடு பேராசிரியரிடமிருந்தே தொடங்குகிறது. பயன்பாட்டு அறிவியல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக வேண்டுமானால், முனைவர் பட்டத்துடன் பொதுவாகக் குறைந்தது 5 ஆண்டு தொழில் அனுபவம் வேண்டும். அதில் குறைந்தது 3 ஆண்டு கல்வித்துறைக்கு வெளியே பெற்றதாக இருக்க வேண்டும். அவர் வாரத்துக்குச் சுமார் 18 பாடவேளை கற்பிக்கக் கடமைப்பட்டவர். மரபான பல்கலைக்கழகப் பேராசிரியருக்கு அது ஏறக்குறைய 8 அல்லது 9. மீதி நேரம் ஆய்வுக்கு உரியது. அவரைச் சுற்றி முனைவர் பட்ட மாணவர்களும் ஆய்வு உதவியாளர்களும் கொண்ட ஒரு குழு இருக்கும். முதலாமவர் உங்கள் கையைப் பிடித்துக் கற்பிப்பார். இரண்டாமவர் தம் ஆய்வின் வாசலைத் திறந்துவிட்டு, உள்ளே வருகிறீர்களா என்று பார்ப்பார். எது உங்களுக்கு ஏற்றது என்பதை உங்கள் இயல்புதான் சொல்ல வேண்டும்.

இதை எங்கே கண்டுகொள்வது? படிப்பின் பெயரிலோ முகப்புப் படத்திலோ அது தெரியாது. ஒவ்வொரு படிப்புக்கும் 'மாடுல்ஹாண்ட்பூக்' என்னும் பாடக் கையேடு ஒன்று உண்டு; பெரும்பாலும் பொதுப் பார்வைக்கே வைத்திருப்பார்கள். அதில் கட்டுப்பாட்டுப் பொறியியல் போன்ற ஒரு பாடத்தின் பக்கத்தைத் திறந்து பாருங்கள். 5 கிரெடிட் என்று இருந்தால் அதன் பொருள் ஏறத்தாழ 150 மணி நேர உழைப்பு. பயன்பாட்டு வகை நிறுவனமானால் வாரத்துக்கு 2 பாடவேளை விரிவுரை, 2 பாடவேளை ஆய்வகம் என்ற பிரிப்பைக் காணலாம். 15 வாரத்துக்கு 60 மணி நேரம் வகுப்பில், மீதி 90 மணி நேரம் உங்கள் மேசையில். மரபான பல்கலைக்கழகத்தின் கையேட்டில் அதே பாடத்துக்கு ஆய்வகத்தின் இடத்தில் கணக்குப் பயிற்சி வகுப்பு இருக்கும். முன்தேவை என்ற வரியில் நேரியல் இயற்கணிதமும் வகைக்கெழுச் சமன்பாடுகளும் எழுதப்பட்டிருக்கும். முதலாவதில் ஒரு மோட்டாரின் வேகத்தை நிலைநிறுத்த பிஐடி என்னும் தானியங்கிக் கட்டுப்படுத்தியின் எண்களை மாற்றி மாற்றிப் பார்க்கச் சொல்வார்கள்; இரண்டாவதில் அந்த அமைப்பு எந்த நிபந்தனையில் நிலைப்பாடு இழக்கும் என்று நிறுவச் சொல்வார்கள். நான் இங்கே சொல்வது பொதுப்போக்குதான், விதிவிலக்குகள் நிறையவே உண்டு. அதனால்தான் கையேட்டைப் படியுங்கள் என்று வற்புறுத்துகிறேன். அரை மணி நேரம் போதும். அந்த அரை மணி நேரத்தைச் செலவிடாமல் இரண்டு ஆண்டுகளைச் செலவிட்டவர்களை எனக்குத் தெரியும்.

பெயரைப் பார்த்து ஏமாறுவது இன்னொரு தவறு. இதில் மாணவரை மட்டும் குறை சொல்ல முடியாது, பெயர்கள் அப்படி. 'ஹோக்ஷூலே' என்பது உயர்கல்வி நிறுவனத்தைக் குறிக்கும் பொதுச்சொல். ஆஹன் நகரில் இருக்கும் ஆர்டபிள்யூடிஹெச் ஆஹன், தன் பெயரில் 'டெக்னிஷே ஹோக்ஷூலே' என்ற சொற்களைத் தாங்கியிருந்தாலும் முழு ஆய்வுப் பல்கலைக்கழகம். 'டியூ9' என்னும் ஒன்பது தொழில்நுட்பப் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பில் ஒன்று. அதே நகரில் எஃப்ஹெச் ஆஹன் இருக்கிறது. அது பயன்பாட்டு அறிவியல் பல்கலைக்கழகம். ஊர்ப் பெயர் ஒன்றுதான், நிறுவனம் வேறு. இங்கோல்ஷ்டாட், டெகன்டார்ஃப், நூர்ன்பெர்க், கொலோன் ஆகிய நகரங்களின் 'டெக்னிஷே ஹோக்ஷூலே'க்கள் அனைத்தும் பயன்பாட்டு வகையைச் சேர்ந்தவை. மியூனிக்கில் மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், லுட்விக் மாக்ஸிமிலியன் பல்கலைக்கழகம், ஹோக்ஷூலே மியூனிக் என்று மூன்று தனித்தனி நிறுவனங்கள் உள்ளன. "மியூனிக்கில் சீட் கிடைத்துவிட்டது" என்று ஊரில் சொன்னால் எது என்று யாருக்கும் விளங்காது. ஜெர்மன் கல்வி நிறுவனத் தலைவர்களின் மாநாடு நடத்தும் 'ஹோக்ஷூல்கொம்பாஸ்' என்ற தரவுத்தளத்தில் தேடினால், ஒவ்வொரு நிறுவனமும் எந்த வகை, அரசுடையதா தனியாருடையதா என்பது தெளிவாகத் தெரியும். ஆலோசனை நிறுவனத்தின் பட்டியலை நம்புவதற்கு முன் அதைப் பார்த்துவிடுங்கள்.

உலகத் தரவரிசையில் தேடிப் பெயர் இல்லை என்றவுடன் ஒதுக்குவதும் இதன் கிளைத் தவறுதான். அந்தப் பட்டியல்கள் ஆய்வுக் கட்டுரைகளையும் மேற்கோள்களையும் பெரிதாக எண்ணுகின்றன. கற்பித்தலை மையமாகக் கொண்ட நிறுவனம் அங்கே தென்படாமல் போவது இயல்பு.

இனி, பணத்தையும் காலத்தையும் அதிகம் விழுங்கும் தவறுக்கு வருகிறேன். அது கிரெடிட் கணக்கு. ஜெர்மனியில் இளங்கலையும் முதுகலையும் சேர்ந்து வழக்கமாக 300 கிரெடிட் ஆக வேண்டும். மரபான பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் இளங்கலை 6 பருவம், 180 கிரெடிட்; முதுகலை 4 பருவம், 120 கிரெடிட். பயன்பாட்டு வகையில், இடையே ஒரு முழுப் பருவம் தொழில் நிறுவனத்தில் பயிற்சி இருப்பதால், இளங்கலை பல இடங்களில் 7 பருவம், 210 கிரெடிட். முதுகலை 3 பருவம், 90 கிரெடிட். "ஒன்றரை வருடத்தில் முடிந்துவிடும்" என்று நம்மவர்களை ஈர்ப்பது இந்த 90 கிரெடிட் முதுகலைதான். ஆனால் அதில் சேர 210 கிரெடிட்டுக்கு இணையான இளங்கலை வேண்டும். நான்காண்டு பி.இ. படித்தவருக்குப் பொதுவாக இதில் சிக்கல் வராது. மூன்றாண்டு பி.எஸ்சி. படித்தவரின் நிலை வேறு. அது பெரும்பாலும் 180-க்கு மேல் மதிப்பிடப்படுவதில்லை.

எனக்குத் தெரிந்த ஒரு மாணவர், கணினி அறிவியலில் மூன்றாண்டு பட்டம் பெற்றவர், 90 கிரெடிட் முதுகலை ஒன்றில் நிபந்தனையுடன் சேர்த்துக்கொள்ளப்பட்டார். கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில், குறையும் 30 கிரெடிட்டை ஈடுசெய்ய வேண்டும் என்று ஒரே ஒரு வாக்கியம் இருந்தது. யாரும் அதைப் படிக்கவில்லை, அவருக்காக விண்ணப்பித்த முகவர் உட்பட. 30 கிரெடிட் என்பது ஒரு முழுப் பருவத்தின் உழைப்பு. ஒன்றரை ஆண்டுக்குப் போட்ட பணக்கணக்கு இரண்டாண்டுக்கு நீண்டது. விசாவுக்காக, மாதந்தோறும் குறிப்பிட்ட தொகையை மட்டுமே எடுக்கக்கூடிய 'முடக்கக் கணக்கு' என்னும் வங்கிக் கணக்கில் காட்ட வேண்டிய தொகையே 2024 செப்டம்பர் முதல் ஆண்டுக்கு 11,904 யூரோ, அதாவது மாதத்துக்கு 992 யூரோ. ஆறு மாதம் கூடினால் குடும்பத்துக்கு என்ன ஆகும் என்று நீங்களே பெருக்கிப் பார்க்கலாம். அனுமதிக் கடிதத்தை வீட்டில் ஒருவராவது கடைசி வரி வரை படியுங்கள்.

நிறுவனப் பயிற்சியை அந்தக் கல்வி நிறுவனமே ஏற்பாடு செய்து தரும் என்று எண்ணுவதும் பரவலாக உள்ள தவறு. நம் கல்லூரிகளின் வளாக வேலைவாய்ப்பு முறைக்குப் பழகிய கண்களுக்கு அப்படித் தோன்றுவது இயல்பே. ஜெர்மனியில் இடத்தைத் தேடி, நேர்காணலுக்குச் சென்று, ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுக் கொண்டுவர வேண்டியவர் மாணவர்தான். அந்த வேலை படிப்போடு பொருந்துகிறதா என்று பார்த்து ஒப்புதல் தருவதே கல்வி நிறுவனத்தின் பங்கு. படிப்பு ஆங்கிலத்தில் நடந்தாலும் பயிற்சி தரும் நிறுவனங்களில் பல, சிறு நகரங்களில் இருக்கும் நடுத்தர அளவுத் தொழிற்சாலைகள். அங்கே காலைக் கூட்டமும் பாதுகாப்பு அறிவுரையும் மதிய உணவு மேசைப் பேச்சும் ஜெர்மன் மொழியில்தான் நடக்கும். ஜெர்மன் மொழியில் பி1 என்னும் இடைநிலைத் தேர்ச்சியையாவது எட்டாமல் விமானம் ஏறுவது, பயன்பாட்டு வகைக் கல்வியின் மிகப் பெரிய பயனைக் கையிலிருந்து நழுவவிடுவதாகும் என்பது என் உறுதியான கருத்து. இன்னொன்றையும் குறித்துக்கொள்ளுங்கள்: பாடத்திட்டம் கட்டாயமாக்கும் பயிற்சிக்கு அந்நாட்டின் குறைந்தபட்ச ஊதியச் சட்டம் பொருந்தாது. பயிற்சி ஊதியத்தை நம்பி வாடகைக் கணக்குப் போடாதீர்கள்.

முனைவர் பட்டம் குறித்து இரண்டு விதமான தவறான செய்திகள் உலவுகின்றன. பயன்பாட்டு வகையில் படித்தால் பி.எச்டி. செய்யவே முடியாது என்பது ஒன்று. எல்லா இடத்திலும் எளிதாகச் செய்யலாம் என்பது மற்றது. பட்டத்தை வழங்கும் உரிமை நெடுங்காலம் மரபான பல்கலைக்கழகங்களிடம் மட்டுமே இருந்தது. 2016-இல் ஹெஸன் மாநிலம், ஆய்வில் வலுவாக உள்ள துறைகளுக்கு அந்த உரிமையை வழங்கியது. ஃபுல்டா நகரின் பயன்பாட்டு அறிவியல் பல்கலைக்கழகமே அதை முதலில் பெற்றது. பின்னர் வேறு சில மாநிலங்களும் தத்தம் வழியில் கதவைத் திறந்தன. எனினும் நடைமுறையில் பலர் ஒரு மரபான பல்கலைக்கழகப் பேராசிரியரின் கூட்டு வழிகாட்டுதலில்தான் ஆய்வு செய்கிறார்கள், சில இடங்களில் கூடுதல் பாடங்களையும் எழுத வேண்டியிருக்கும். ஆய்வாளராக வேண்டும் என்ற எண்ணம் முன்கூட்டியே உறுதியாக இருந்தால், சுற்றுவழி வேண்டாம், மரபான பல்கலைக்கழகத்தையே தேர்ந்தெடுங்கள். உறுதி இல்லையென்றால், பயன்பாட்டு வகையில் சேர்ந்து, முதுகலை ஆய்வேட்டை ஆய்வுத்தன்மையுடன் எழுதி அந்த வாய்ப்பைத் திறந்தே வைத்திருக்கலாம்.

கட்டணத்தை வைத்து வகையை ஊகிப்பதும் சரிப்படாது. அரசு நிறுவனங்கள் இரு வகையிலும் உண்டு, தனியாரும் இரு வகையிலும் உண்டு. பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தின் அரசு நிறுவனங்கள் 2017-18 குளிர்காலப் பருவம் முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் மாணவரிடம் பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகின்றன. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024-25 முதல் அத்தகைய மாணவரிடம் கட்டணம் வசூலிக்கிறது. ஆகவே "ஜெர்மனி என்றாலே இலவசம்" என்ற வாக்கியத்தை யார் சொன்னாலும், எந்த மாநிலம், எந்த நிறுவனம் என்று திருப்பிக் கேளுங்கள்.

கடைசியாக ஒரு தவறு, விளைவில் இதுவே மிகக் கடுமையானது. செயல்முறை சார்ந்த படிப்பு என்பதால் தேர்வுகள் எளிதாக இருக்கும் என்று நினைப்பது. இரண்டு வகையிலும் பல படிப்புகளில் ஒரு பாடத் தேர்வை மூன்று முறைதான் எழுத முடியும். மூன்றாம் முறையும் தவறினால் மாணவரின் பதிவு நீக்கப்படும். அதே படிப்பை வேறொரு நிறுவனத்தில் தொடர்வதும் பெரும்பாலும் அடைபட்டுவிடும். நம் ஊர் அரியர் முறை போல எத்தனை ஆண்டு கழித்தும் எழுதிக்கொள்ளலாம் என்ற வசதி அங்கே இல்லை. பதிவு செய்த தேர்வுக்கு உடல்நலக் குறைவால் போக முடியாவிட்டால், மருத்துவச் சான்றிதழைக் குறித்த நாட்களுக்குள் தேர்வு அலுவலகத்தில் சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் அது தோல்வியாகவே பதிவாகும். எத்தனை வாய்ப்பு, எந்தத் தேதிக்குள் விலகலாம், சான்றிதழுக்கு எத்தனை நாள் அவகாசம் ஆகிய மூன்றும் அந்தந்தப் படிப்பின் தேர்வு விதிமுறைகளில் எழுதப்பட்டிருக்கும். அந்த விதிமுறை பெரும்பாலும் ஜெர்மன் மொழியில்தான் இருக்கும், ஆங்கில வடிவம் கிடைத்தாலும் சட்டப்படி செல்லுபடியாவது ஜெர்மன் வடிவமே. புரியாத பத்தியை அடிக்கோடிட்டு, சேர்ந்த முதல் வாரத்திலேயே துறையின் கல்வி ஆலோசகரிடம் எடுத்துச் செல்லுங்கள். அதை விளக்குவதற்காகவே அவர் அங்கே அமர்ந்திருக்கிறார்.