எடிட்டரிடம் கதையைக் கொடுக்கிறீர்களா? இதைப் பார்த்துவிட்டுக் கொடுங்கள்

என் முதல் சிறுகதைத் தொகுப்பை, தனியாக வேலை எடுத்துச் செய்யும் எடிட்டர் ஒருவரிடம் கொடுத்தேன். கூடவே ஒரு வரி எழுதவில்லை, ஃபைலை மட்டும் மெயிலில் தட்டிவிட்டேன். திரும்பி வந்தபோது என் திருநெல்வேலி ஆச்சி, "மாமா எங்கே போயிருக்கிறார்கள்?" என்று செய்தி வாசிப்பவர்போல் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் எழுதியது "மாமா எங்க போயிருக்காவ?" தப்பு அவர்மேல் இல்லை. எதைத் தொடக் கூடாதென்று நான் சொல்லவே இல்லையே. ஒவ்வொன்றாகப் பழையபடி மாற்றியதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது.

1. என்ன வேலை வேண்டும்?

மெய்ப்பு பார்ப்பது வேறு, எடிட்டிங் வேறு. எழுத்துப்பிழை, ஒற்று, விடுபட்ட புள்ளி எல்லாம் மெய்ப்பு. வாக்கியத்தைச் சீராக்குவது அதற்கு மேல். எந்தக் காட்சி வேண்டாம், கதை எங்கே தொடங்க வேண்டும் என்பது இன்னும் மேல். பெரிய வேலையை முதலில் முடியுங்கள். வெட்டப்போகிற பத்திக்கு ஒற்று பார்க்கச் சொல்லிக் காசு கொடுப்பானேன்?

2. மாதிரி வாங்குங்கள்

நான்கைந்து பக்கம் கொடுத்துத் திருத்தித் தரச் சொல்லுங்கள். அதற்குப் பணம் கேட்டால் கொடுத்துவிடுங்கள். கதையின் நடுவிலிருந்து எடுங்கள். முதல் பக்கத்தை நாமே இருபது தடவை தேய்த்திருப்போம். "கீரைக் கடைந்தாள்" என்றிருந்தால் 'க்' போக வேண்டும், "கீரை கடைக்காரர்" என்றிருந்தால் 'க்' வர வேண்டும். இரண்டையும் பிடிக்கிறவருக்கு ஒற்று தெரியும்.

ஆனால் அதைவிட முக்கியம், ஓரத்தில் கேள்வி கேட்கிறாரா என்பது. என் எடிட்டர் ஒரு பத்திக்குப் பக்கத்தில் எழுதியிருந்தார்: "இரண்டு நாளாக அடைமழை என்கிறீர்கள். மொட்டைமாடியில் வடகம் காய்கிறதே?" அந்த ஒரு கேள்விக்காகத்தான் இரண்டாவது தொகுப்புக்கும் அவரிடமே போனேன்.

3. அரைப் பக்கக் குறிப்பு

ஃபைலோடு இதையும் அனுப்புங்கள். அடுத்த முறை நான் அனுப்பிய குறிப்பில் இருந்தவை: மேற்கோளுக்குள் வரும் நெல்லை வழக்கைத் தொட வேண்டாம். சுப்பிரமணியன் எல்லா இடத்திலும் 'ப்பி'யோடுதான். பாத்திரங்கள் 'பஸ்' என்பார்கள், கதைசொல்லியும் 'பஸ்' என்றே சொல்வான், 'பேருந்து' வேண்டாம்.

4. பணமும் தேதியும்

பக்கக் கணக்கா, சொல் கணக்கா என்று கேட்டுக்கொள்ளுங்கள். 'செய்துகொண்டிருந்தான்' என்பதைச் சேர்த்து எழுதினால் ஒரு சொல், பிரித்து எழுதினால் மூன்று. அதனால் வேர்ட் காட்டுகிற எண்ணிக்கையையே வைத்துக்கொள்வது நல்லது. முன்பணம் எவ்வளவு, எத்தனை சுற்று பார்ப்பார், எப்போது தருவார் என்பதெல்லாம் ஒரு மெயிலில் இருக்கட்டும். ஜனவரி சென்னைப் புத்தகக் காட்சிக்குப் புத்தகம் வர வேண்டுமென்று டிசம்பரில் போய் நிற்காதீர்கள். பழைய பாமினி எழுத்துருவில் அடித்திருந்தால் யூனிகோடுக்கு மாற்றி, ஒருமுறை நீங்களே வாசித்துவிட்டு அனுப்புங்கள்.

5. திருத்தம் வந்ததும்

வேர்டில் ட்ராக் சேஞ்சஸ், கூகுள் டாக்ஸில் சஜஸ்டிங், இரண்டில் ஏதோ ஒன்றில் திருத்தச் சொல்லுங்கள். அப்போதுதான் எது மாறியது என்று தெரியும். மூல ஃபைலைத் தனியே வைத்துவிட்டு, பிழைத்திருத்தங்களை முதலில் பார்த்து ஏற்றுக்கொள்ளுங்கள். 'அக்செப்ட் ஆல்' பக்கம் கை போகவே கூடாது.

ஓரக் கேள்விகளை அன்றைக்கே திறக்காதீர்கள். அன்றைக்குக் கோபம்தான் வரும், எனக்கு வந்தது. இரண்டு நாள் கழித்து உட்காருங்கள். ஒரு திருத்தத்தை ஏற்கவில்லையென்றால் ஏன் என்று ஒரு வரி எழுதிவிடுங்கள், அடுத்த சுற்றில் அவர் அதைத் தொட மாட்டார்.

அந்தக் கதையில் மழையை எடுத்துவிட்டேன். வடகம் இன்னும் காய்ந்துகொண்டிருக்கிறது.