ஹென்றி ஆல்ட்ரிச்சின் அச்சுப் படம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஹென்றி ஆல்ட்ரிச் (1648–1710) ஆக்ஸ்ஃபோர்டு கிறைஸ்ட் சர்ச்சின் டீன், அதாவது தலைவர். ஆங்கிலிக்கன் குருவானவர், ஆராதனைப் பாடல்களுக்கு இசையமைத்தவர், அங்குள்ள பெக்வாட்டர் வளாகத்தை வடிவமைத்தவர், தர்க்கப் பாடநூலும் எழுதியவர். காட்ஃப்ரி நெல்லர் தீட்டிய அவருடைய ஓவியத்தைப் பார்த்து ஜான் ஸ்மித் செப்புத் தகட்டில் ஓர் அச்சுப் படம் செய்தார். இந்த மாதிரிப் படங்களைப் பார்க்கும்போதும், வாங்கும்போதும், கட்டுரையில் சேர்க்கும்போதும் சில தவறுகள் திரும்பத் திரும்ப நடக்கின்றன.

முதல் தவறு, படத்தின் கீழே ஆல்ட்ரிச்சை 'பேராலய ஆர்கன் கலைஞர்' என்று எழுதிவிடுவது. இசையமைத்தார் என்பதற்காக அவர் ஆர்கன் வாசிக்கும் பதவியில் இருந்ததாக ஆகிவிடாது. அவர் அங்கே தலைமைக் குரு. கிறைஸ்ட் சர்ச் ஒரே நேரத்தில் கல்லூரியாகவும் பேராலயமாகவும் இருப்பதால், 1689 முதல் இறக்கும்வரை இரண்டுக்கும் அவரே தலைவர்.

அடுத்தது, பெயர்களில் வரும் குழப்பம். பெரும்பாலும் படத்தின் அடியில் இடப்பக்கம் ஓவியர் பெயரும் வலப்பக்கம் தகட்டில் வேலை செய்தவர் பெயரும் இருக்கும். லத்தீனில் 'பின்க்ஸிட்' என்றால் தீட்டியவர்; 'ஸ்கல்ப்ஸிட்' அல்லது 'ஃபெசிட்' என்றால் தகட்டை உருவாக்கியவர். நெல்லரை மட்டும் குறிப்பிட்டு ஸ்மித்தை விட்டுவிடுவது பெரிய அநியாயம். நாம் பார்க்கும் ஒளியும் நிழலும் ஸ்மித் கையால் வந்தவை.

அதிலும், இதைக் கோடு கோடாகச் செதுக்கிய படம் என்று நினைத்துவிடக் கூடாது. இது மெசோடின்ட். பல் வைத்த வளைந்த கருவியைத் தகடு முழுக்க ஆட்டி ஆட்டி முதலில் சொரசொரப்பாக்குவார்கள். அந்த நிலையில் மை தடவி அச்சிட்டால் முழுக் கறுப்புதான் வரும். அப்புறம் நெற்றி, மூக்கு, கழுத்துப்பட்டி என்று வெளிச்சம் வேண்டிய இடங்களை மட்டும் சுரண்டித் தேய்த்து மழுமழுப்பாக்குவார்கள். இருட்டிலிருந்து முகத்தை வெளியே எடுக்கிற வேலை இது. குருமாரின் கறுப்பு அங்கிக்கு இதைவிடப் பொருத்தமான முறை இல்லை என்பேன்; மடிப்புகள் வெல்வெட் மாதிரி விழும்.

ஆனால் அந்தச் சொரசொரப்பு சீக்கிரம் தேய்ந்துவிடும். முதலில் எடுத்த பிரதிகளில் கறுப்பு அடர்த்தியாக இருக்கும். பின்னால் எடுத்தவை சாம்பல் பூத்துப்போய், அங்கியின் மடிப்பே தெரியாது. வெளிறிய ஒரு பிரதியைப் பார்த்துவிட்டு 'ஸ்மித் சுமாரான கலைஞர்' என்று முடிவு கட்டாதீர்கள். தகட்டில் ஆண்டு பொறித்திருந்தாலும், உங்கள் கையில் உள்ள தாள் அந்த ஆண்டில்தான் அச்சானது என்று அதைக்கொண்டு சொல்ல முடியாது. தகடுகள் கைமாறி, பல ஆண்டுகள் கழித்தும் அச்சேறின.

முகத்தை வைத்துக் குணம் சொல்வதிலும் நிதானம் வேண்டும். ஆல்ட்ரிச் புகைபிடிப்பதில் பேர்போனவர். புகைக்குழாய் பிடித்தபடியே பாடுவதற்கென்று ஒரு பாட்டும் இயற்றியவர். இந்தக் கதைகளைப் படித்துவிட்டுப் பார்த்தால் உதட்டோரம் ஒரு குறும்பு தெரியத்தான் செய்யும். அது நெல்லர் கண்டதா, ஸ்மித் சேர்த்ததா, நாம் கற்பனை செய்வதா? தம் சொந்தக் காகிதங்களை அழித்துவிடச் சொல்லிவிட்டுப் போனவர் அவர். அதனால்தான் இந்த ஒரு படத்தின் மேல் இவ்வளவு பாரத்தை ஏற்றுகிறோம். இடம் வலம் சொல்வதிலும் நிதானம் வேண்டும்: தகட்டில் உள்ளது தாளில் திரும்பி விழும். செதுக்குபவர் முன்கூட்டியே மாற்றி வரையாவிட்டால் வலக்கை இடக்கையாகிவிடும்.

வாங்குபவர்கள் ஒரு பூதக்கண்ணாடி வைத்துக்கொள்வது நல்லது. சீரான புள்ளி வரிசை தெரிந்தால் அது பிற்காலத்து இயந்திர அச்சு. செப்புத் தகட்டை அழுத்திய பள்ளம் படத்தைச் சுற்றி இருக்க வேண்டும். அது இல்லையென்றால் உடனே போலி என்று தள்ளிவிடாதீர்கள், ஓரம் வெட்டப்பட்டிருக்கலாம். 1769-ல் இங்கிலாந்துப் பிரமுகர்களைப் பற்றி ஜேம்ஸ் கிரேஞ்சர் எழுதிய வாழ்க்கை வரலாற்று நூல் வந்தபின், உருவப்படங்களைச் சேகரித்துப் புத்தகங்களில் ஒட்டும் பழக்கம் இங்கிலாந்தில் பெருகியது. அதற்காக வேறு நூல்களிலிருந்து படங்களைக் கிழித்தார்கள், ஓரங்களை நறுக்கினார்கள். ஆல்ட்ரிச்சே பெரிய அச்சுப்படச் சேகரிப்பாளர். தம் தொகுப்பைக் கிறைஸ்ட் சர்ச்சுக்கே விட்டுச் சென்றார்.

இன்றும் படச் சட்டத்துக்குள் அடங்கவில்லை என்று கீழே உள்ள எழுத்தை வெட்டுகிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள், ஓவியர் பெயரும் செதுக்கியவர் பெயரும் அதோடு போய்விடும். லேமினேஷன் வேண்டாம், செலோடேப் வேண்டவே வேண்டாம். சட்டத்தைத்தான் பெரிதாகச் செய்யச் சொல்ல வேண்டும்.