4,29,49,67,295: வகுக்கும் முன் அக்கம்பக்கம் பாருங்கள்

பெரிய எண் ஒன்றின் காரணிகளைக் கேட்டால், என்னிடம் படிக்கும் பிள்ளைகள் உடனே 2, 3, 5, 7 என்று வகுக்கத் தொடங்கிவிடுவார்கள். பென்சிலைக் கீழே வை என்பேன். முதலில் அந்த எண்ணின் பக்கத்து வீட்டில் யார் என்று பார்க்க வேண்டும்.

நான் வழக்கமாகக் கொடுப்பது 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 295. கணினி 32 பிட்டுகளில் (0 அல்லது 1 ஆன இலக்கங்களில்), கூட்டல் கழித்தல் குறியின்றி எழுதக்கூடிய மிகப் பெரிய முழு எண் இது. கடைசி இலக்கம் 5. இலக்கங்களைக் கூட்டினால் 57. ஆகவே 5-ஆலும் 3-ஆலும் வகுபடும், 9-ஆல் வகுபடாது. 7, 11, 13 ஆகியவற்றுக்குத் தனித்தனிச் சோதனை வேண்டாம். வலமிருந்து மும்மூன்று இலக்கங்களாகப் பிரித்து, மாறி மாறிக் கழித்துக் கூட்டுங்கள்: 295 − 967 + 294 − 4 = −382. இந்த 382 அவற்றில் எதனாலும் வகுபடாது; எனவே நம் எண்ணும் வகுபடாது. (லட்சம், கோடிக் காற்புள்ளிகள் இதற்கு இடைஞ்சல், அழித்துவிடுங்கள்.)

இப்போது 1 கூட்டுங்கள். 4294967296 கிடைக்கும். அது 65536-இன் வர்க்கம். வர்க்கத்துக்கு ஒன்று குறைந்த எண் தானாகவே இரண்டாக உடையும்: 65535 × 65537. அந்த 65535-உம் 256-இன் வர்க்கத்துக்கு ஒன்று குறைவுதான்; 255 × 257. 255 என்பது 15 × 17. ஆக, விடை 3 × 5 × 17 × 257 × 65537. ஒரு முறைகூட நீள்வகுத்தல் போடவில்லை!

257 பகா எண் என்பதை 13 வரை சோதித்தால் போதும். 65537-க்கு 256 வரையுள்ள 54 பகா எண்களையும் சோதிக்க எனக்குப் பொறுமை கிடையாது. நல்லவேளை, கணிதமேதை ஆய்லர் வழி செய்திருக்கிறார்: இதற்குப் பகாக் காரணி இருந்தால், அதை 32-ஆல் வகுக்க மீதி 1 வர வேண்டும். 256-க்குள் அப்படிப்பட்ட பகா எண்கள் 97, 193 மட்டுமே. மீதி முறையே 62, 110. எனவே 65537 பகா எண்தான்.

இதே வகை விதியைக் கொண்டுதான், நம் எண்ணோடு 2 கூட்டினால் வரும் 4294967297-ஐ ஆய்லர் 1732-இல் 641 × 6700417 என்று உடைத்தார். அது பகா எண் என்று அவருக்கு முந்தைய கணிதமேதை ஃபெர்மா நம்பியிருந்தார்.

இனி வகைப்பாடு எளிது. ஒற்றைப்படை, பகு எண். எந்தக் காரணியும் இருமுறை வராததால் 1 தவிர வேறு வர்க்க எண்ணால் வகுபடாது. ஐந்து பகாக் காரணிகள் என்பதால் 32 வகுத்திகள். எல்லா வகுத்திகளின் கூட்டுத்தொகை 4 × 6 × 18 × 258 × 65538, அதாவது 7304603328. எண்ணைக் கழித்தால் மிச்சம் 3009636033. எண்ணைவிடச் சிறியது, ஆகவே குறை எண். 2-இல் தொடங்கி மீண்டும் மீண்டும் வர்க்கமாக்கி, 1 கூட்டும்போது வரும் பகா எண்களுக்கு ஃபெர்மா பகா எண்கள் என்று பெயர்; அளவுகோலும் கவராயமும் மட்டும் கொண்டு வரையத்தக்க ஒழுங்குப் பலகோணத்தின் பக்க எண்ணிக்கை ஒற்றைப்படை என்றால், அது வெவ்வேறு ஃபெர்மா பகா எண்களின் பெருக்கலாகவே இருக்கும். அந்த ஐந்தும் இதுவரை அறியப்பட்ட ஃபெர்மா பகா எண்கள் அனைத்தும் என்பதால், அப்படி வரையலாம் என்று தெரிந்த ஒற்றைப்படைப் பக்க ஒழுங்குப் பலகோணங்களில் மிகப் பெரியதற்கும் இத்தனை பக்கங்கள். யாரும் வரைந்து பார்க்க வேண்டாம்.

அடுத்து 9,99,99,999-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். வழியில் 10001 வரும். அது சுலபமாக உடையாது, 73-ஐத் தொடும்வரை விடாதீர்கள்.