ரோசாவுக்கு மருந்தடிக்கும் முன்: மட்டக்களப்பு வளவுகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"இலையெல்லாம் சுருளுது, ரோசாவுக்கு ஒரு மருந்து தாங்க." விவசாய மருந்துக் கடையில் இப்படிக் கேட்டால் ஏதாவது ஒரு போத்தல் கட்டாயம் கைக்கு வரும். கடைக்காரரைக் குறை சொல்ல முடியாது, அவர் கன்றைப் பார்க்கவில்லை. ஆனால் கன்றின் சொந்தக்காரரும் பெரும்பாலும் சரியாகப் பார்த்திருக்க மாட்டார். இலை சுருள்வதற்குத் தளிரைச் சுரண்டிச் சாறு குடிக்கும் நுண்ணிய பனிப்பூச்சி காரணமாக இருக்கலாம், தளிரில் கூட்டமாக ஒட்டிச் சாறு உறிஞ்சும் அழுக்கணவன் காரணமாக இருக்கலாம், பக்கத்து வயலுக்கு அடித்த களைநாசினி காரணமாக இருக்கலாம், வெறும் தண்ணீர்த் தட்டுப்பாடாகவும் இருக்கலாம். இந்த நான்குக்கும் பொதுவான மருந்து கிடையாது. கடைசி இரண்டுக்கு மருந்தே கிடையாது.

நம் பக்கத்து ரோசாவுக்கு ஆண்டில் இரண்டு கண்டம். வைகாசி தொடங்கி ஆவணி வரை அடிக்கும் கச்சான் காற்று ஒன்று, ஐப்பசியில் இறங்கித் தை வரை நிற்கும் மாரி மற்றொன்று. கச்சானில் வருவது பெரும்பாலும் பூச்சியும் சிற்றுண்ணியும். மாரியில் வருவது பெரும்பாலும் பங்கசு. இந்த ஒரு கணக்கு மனதில் இருந்தாலே பாதி வீண்செலவு குறையும். கச்சானில் பங்கசு நாசினியும் மாரியில் பூச்சி மருந்துமாக மாற்றி அடித்துக்கொண்டிருக்கும் வீடுகள் நிறைய இருக்கின்றன.

கச்சான் காலத்துத் தவறுகள்

முதலாவது, சிற்றுண்ணியைப் பூச்சி என்று நினைப்பது. இலையின் மேற்பக்கம் ஊசியால் குத்தியதுபோல் வெளிறிய புள்ளிகள் விழும், பிறகு இலை முழுவதும் செம்பு நிறத்துக்கு மாறி உதிரும். மேலே பார்த்தால் தூசி படிந்த இலை என்றுதான் தோன்றும். இலையைத் திருப்புங்கள். அடிப்பக்கம் நரம்போரமாகத் தூள் தூளாக ஏதோ இருக்கும், காம்புக்கும் இலைக்கும் நடுவில் மெல்லிய வலை ஓடும். ஒரு வெள்ளைத் தாளை இலைக்கு அடியில் பிடித்துக் கொப்பைத் தட்டுங்கள். தாளில் விழுந்த தூள் ஒரு நிமிடத்தில் நகரத் தொடங்கினால் சந்தேகமே வேண்டாம். கண்ணுக்குத் தெரியாவிட்டால் கைபேசிக் கமராவைப் பெரிதாக்கிப் பாருங்கள், எட்டுக் கால் தெரியும். இது சிலந்திக் கூட்டத்தைச் சேர்ந்தது.

எட்டுக் கால் என்பது வெறும் தகவல் அல்ல. சாதாரணப் பூச்சி மருந்துகள் பலவற்றுக்குச் சிற்றுண்ணி சாவதில்லை. சிற்றுண்ணியைத் தின்று வாழும் சின்னஞ்சிறு வண்டுகளும் நல்ல உண்ணிகளும்தான் சாகின்றன. அதனால்தான் மருந்தடித்த இரண்டு கிழமையில் முன்பைவிட மோசமாக இலை கொட்டுகிறது. "மருந்து கலப்படம்" என்று சொல்லி இன்னும் கூடுதலாக அடிப்பார்கள். பாவம் அந்தக் கன்று.

செய்ய வேண்டியது தண்ணீர். குழாய் வாயை விரலால் அழுத்திப் பிடித்து, விடியற்காலையில், இலையின் அடிப்பக்கத்தில் படும்படி பீய்ச்சுங்கள். ஒருநாள் செய்துவிட்டு விட்டால் பயனில்லை. நம்முடைய வெயிலில் முட்டையிலிருந்து வளர்ந்த சிற்றுண்ணியாவதற்கு ஒரு கிழமையே போதும். ஆகவே இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை, இரண்டு கிழமையாவது விடாமல் கழுவ வேண்டும். கந்தகத் தூள் சிற்றுண்ணியைக் கொல்லும், உண்மைதான். ஆனால் வெப்பம் 32 பாகை செல்சியசைத் தாண்டும் நாட்களில் அது இலையையும் கருக்கிவிடும். கச்சான் அடிக்கும் மாதங்களில் நமக்கு எந்த நாள் அதைத் தாண்டாமல் இருக்கிறது? வேப்பெண்ணெய் அடித்திருந்தால் இரண்டு கிழமைக்குக் கந்தகத்தைத் தொடவே வேண்டாம், இரண்டும் சேர்ந்தால் இலை பொசுங்கும்.

அடுத்தது பனிப்பூச்சி. மொட்டு விரியாமல் ஓரம் பழுப்பாகி நிற்பதும், தளிர் குறண்டிப் போவதும் இதன் வேலை. கொச்சிக்காய்க் கன்றின் இலையை மேற்பக்கமாகச் சுருள வைக்கிற அதே பனிப்பூச்சி இனம் ரோசாவையும் தாக்கும். ரோசாச் சாடிக்குப் பக்கத்திலேயே நாலு கொச்சிக்காய்க் கன்றை வைத்துவிட்டு ரோசாவுக்கு மட்டும் வைத்தியம் பார்ப்பது பெரிய தவறு. இரண்டையும் விலக்கி வையுங்கள், பார்க்கும்போது இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். மொட்டுக்குள் இருக்கும் பூச்சிக்கு வெளியே அடிக்கும் மருந்து போய்ச் சேராது. கெட்ட மொட்டைக் கிள்ளி, பொலித்தீன் பையில் இறுக்கிக் கட்டி வெயிலில் போடுவதுதான் பலன் தரும். கிள்ளிய மொட்டைச் சாடிக்கு அடியிலேயே போட்டால் செய்த வேலையெல்லாம் வீண்.

யூரியாவைப் பற்றியும் இங்கே சொல்லிவிட வேண்டும். பூக்கவில்லை என்று யூரியாவை அள்ளிப் போட்டால் தளதளவென்று தளிர் வரும். அந்தச் சாறு நிறைந்த தளிர்தான் அழுக்கணவனுக்கும் பனிப்பூச்சிக்கும் விருப்பமான சாப்பாடு. நன்றாக உக்கிய மாட்டெருவே போதும்.

இலையின் ஓரம் மட்டும் பழுப்பாகக் காய்ந்து வருகிறதா? பங்கசு என்று முடிவு கட்டுவதற்கு முன் கிணற்றுத் தண்ணீரை வாயில் வைத்துப் பாருங்கள். வாவிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கும் எழுவான்கரைக் கிணறுகள் பல, கோடை முற்ற முற்ற உவர்க்கத் தொடங்கும். ரோசா உப்பைத் தாங்காத செடி. உப்புக் கருகல் இலையோரத்தில் ஒரே சீராக வரும், பழைய இலையில் முதலில் தெரியும், நடுவில் புள்ளி இருக்காது. இதற்கு எந்தப் போத்தலிலும் மருந்தில்லை. கிடைக்கிற நல்ல தண்ணீரை ஒருமுறை நிறைய ஊற்றிச் சாடியின் உப்பை அடியால் கழுவி வெளியேற்ற வேண்டும். உவர்ப்பும் கடினமும் உள்ள தண்ணீரில் சவர்க்காரக் கரைசல் கலந்தால் அதுவும் சரியாக வேலை செய்யாது, திரண்டுவிடும். மாரியில் பிடித்த மழைத்தண்ணீர் நாலு போத்தல் ஒதுக்கி வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலை இல்லை.

மாரியில்

கரும்புள்ளி நோய் வந்தபின் மருந்து தேடுவது நம்மிடம் மிகவும் பரவலான தவறு. ஓரம் பிசிறு பிசிறாக இருக்கும் கரிய வட்டங்கள், சுற்றி மஞ்சள், பிறகு இலையுதிர்வு. அடி இலையில் தொடங்கி மேலே ஏறும். இந்தப் பங்கசின் வித்து இலைக்குள் நுழைய, இலை ஏறக்குறைய 7 மணிநேரம் ஈரமாகவே இருக்க வேண்டும். மாரியில் அது தானாகவே நடக்கும், நம்மால் தடுக்க முடியாது. ஆனால் பங்குனி சித்திரையிலும் கரும்புள்ளி வருகிறதே, ஏன்? பொழுதுபட்ட பிறகு தலைக்குமேல் தண்ணீர் ஊற்றுகிறோம், இலை விடியும்வரை காய்வதில்லை. தண்ணீரைக் காலையில், அடியில் ஊற்றுங்கள். சிற்றுண்ணிக்கு இலையைக் கழுவச் சொன்னதும் இதற்கு முரண் இல்லை. விடியற்காலையில் கழுவினால் வெயிலேறும் முன்பே காய்ந்துவிடும்.

பங்கசு நாசினி புள்ளி விழுந்த இலையைப் பழையபடி ஆக்காது. இனி வரும் இலையைக் காப்பாற்றும், அவ்வளவுதான். எனவே முதல் மழைக்கு முன்பே, புரட்டாசியில், வேலையைத் தொடங்க வேண்டும். கீழே கிடக்கும் பழைய இலைகளைக் கூட்டி எரியுங்கள் அல்லது ஆழமாகப் புதையுங்கள். கூட்டெருக் குவியலில் போட வேண்டாம், நோய் அதிலிருந்தே திரும்பி வரும். மண் தெறிக்காதபடி மூடாக்குப் போடுங்கள். சாடிகளை நெருக்கி வைக்காமல் காற்றோடும் இடைவெளி விடுங்கள், முடிந்தால் தாழ்வாரத்தின் கீழ் இழுத்துவிடுங்கள். அதற்கும் மேல் தேவைப்பட்டால்தான் மான்கோசெப் போன்ற பாதுகாப்பு மருந்து, சிட்டையில் போட்டிருக்கும் அளவில், சிட்டையில் போட்டிருக்கும் இடைவெளியில்.

அப்பச்சோடாக் கரைசல் பற்றிப் பலர் கேட்கிறார்கள். வெள்ளைப் பொடி படியும் சாம்பல் நோய்க்கு அது ஓரளவு உதவும். அந்த நோய் நுவரெலியா போன்ற குளிர்ந்த இடங்களில்தான் பெருந்தொல்லை, நமக்கு நிழல் மூலையில் எப்போதாவது வரும். கிழமைக்குக் கிழமை அப்பச்சோடா அடித்தால் அதிலுள்ள சோடியம் மண்ணில் சேரும். ஏற்கெனவே உவர்த் தண்ணீர் குடிக்கும் கன்றுக்கு அது இன்னொரு சுமை.

மாரியில் கத்தரிப்பதும் கூடாது. மழை நாளில் வெட்டிய கொப்பு நுனியிலிருந்து கறுத்துக் கீழே இறங்கும். சில சமயம் ஒட்டுவரை, அதாவது நல்ல ரோசாவைக் காட்டு ரோசாவின் அடித்தண்டில் பொருத்திய இடம்வரை போய்க் கன்றையே முடித்துவிடும். அப்படிக் கருகும் கொப்பை எந்த இடத்தில் வெட்டுவது என்பதில்தான் எல்லோரும் பிழை விடுகிறார்கள். கறுப்பு முடியும் இடத்தில் வெட்டுகிறார்கள், உள்ளே நோய் அதற்குக் கீழும் போயிருக்கும். வெட்டிய முகத்தைப் பாருங்கள். கொப்பின் நடுவிலுள்ள மென்மையான சோற்றியில் பழுப்பு நிறம் தெரிந்தால் இன்னும் ஓர் அங்குலம் கீழே வெட்டுங்கள். சோற்றி வெள்ளையாகவும் சுற்றிப் பச்சையாகவும் தெரியும் வரை இறங்குங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியை ஸ்பிரிட்டால் துடையுங்கள். கொப்பு கருகினால் மழையென்று பார்த்துக்கொண்டிருக்க முடியாது, மழை விட்ட ஒரு வெயில் நேரம் பார்த்துச் செய்துவிடுங்கள்.

வயல் மருந்து வீட்டு வாசலுக்கு வருவது

இது எனக்கு மிகவும் கவலை தரும் விடயம். வாவிக்கு மேற்கே படுவான்கரையிலும் அம்பாறைப் பக்கமும் வீட்டுக்கு வீடு வயல் தொடர்பு உண்டு. மால் மூலையில் மிச்சமாகிப்போன மருந்துப் போத்தல் ஒன்று கிடக்கும். "அரைமூடி விட்டு அடிப்பம்" என்று ரோசாவுக்கு வந்துவிடும். நாம் ரோசாவைச் சாமிக்கு வைக்கிறோம், தலையில் சூடுகிறோம், பிள்ளை பறித்ததும் முதலில் மூக்கில் வைக்கிறது. வயலில் மருந்தடித்தால் உள்ளே போக நாள் கணக்கு உண்டு. வாசலுக்கு அந்தக் கணக்கை யார் பார்க்கிறார்கள்?

தமிழ்நாட்டுக் காணொளிகளில் பெயர் கேட்டு மருந்து தேடுவதும் ஆபத்து. மொனோகுரோட்டோபொஸ் என்ற பூச்சி மருந்து இலங்கையில் 1995 முதல் தடை. டைமெத்தோயேற் என்ற பூச்சி மருந்து 2008 இல் தொடங்கிப் படிப்படியாக விலக்கப்பட்டது. இவை எங்காவது பழைய போத்தலில் கிடைத்தால் வாங்காதீர்கள், வைத்திருந்தால் பயன்படுத்தாதீர்கள்.

அப்புறம் அந்தத் தெளிக்கும் தாங்கி. வயலில் எம்.சி.பி.ஏ. களைநாசினி அடித்த தாங்கியை அலசிவிட்டு அதிலேயே வேப்பெண்ணெய் கலந்து ரோசாவுக்கு அடிப்பார்கள். அலசினாலும் குழாயிலும் வாசரிலும் ஒட்டியிருப்பது போதும். சில நாளில் புதுத்தளிர் நூலாக ஒடுங்கி முறுக்கிக்கொண்டு வரும், வைரசு நோய் என்று கன்றைப் பிடுங்கி எறிபவர்களும் உண்டு. பிடுங்க வேண்டாம். தண்ணீர் ஊற்றிப் பொறுத்திருந்தால், பட்டது கொஞ்சமென்றால் மீண்டுவிடும். ரோசாவுக்கென்று ஒரு லீற்றர் கைத்தெளிப்பான் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

வேப்பெண்ணெய்க்கும் அளவு உண்டு. ஒரு லீற்றர் தண்ணீருக்கு 5 மில்லிலீற்றர், கலங்க ஓரிரு சொட்டுத் திரவச் சவர்க்காரம், வெயில் தாழ்ந்த பிறகு. முதலில் ஒரு கொப்பில் மட்டும் அடித்து ஒருநாள் பாருங்கள்.

நோயே இல்லாதவை

இலையோரத்தில் கத்தரிக்கோலால் வெட்டியதுபோல் சீரான அரைவட்டங்கள் தெரிந்தால் பதறாதீர்கள். இலைவெட்டித் தேனீ தன் குஞ்சுக்கு அறை கட்ட எடுத்துப் போன துண்டு அது. அந்த இலையைத் தின்பதில்லை, கன்றுக்கு ஒன்றும் ஆகாது. வளவிலுள்ள பூக்களுக்கெல்லாம் மகரந்தம் சேர்க்கும் தேனீக்கு மருந்தடிப்பது பெரும் பாவம். இலை கந்தலாகக் கடிபட்டிருந்தால் கதை வேறு, இரவில் லைற் பிடித்துப் பாருங்கள், வண்டு அகப்படும்.

தளிர் சிவப்பாக வருவதும் நோயல்ல. வட அமெரிக்காவில் காட்டு ரோசாவிலிருந்து தோட்டத்து ரோசாவுக்குப் பரவும் ஒரு வைரசு நோய் இருக்கிறது. மிகச் சிறிய சிற்றுண்ணி ஒன்று அதைக் காவுகிறது. அதில் தளிர் சிவந்து, முள் மிதமிஞ்சி, துடைப்பம் போலக் கற்றையாகக் கிளைக்கும். அந்தப் படத்தைக் கைபேசியில் பார்த்துவிட்டு நம் கன்றின் இயல்பான செந்தளிரைக் கிள்ளிப் போடுகிறார்கள். நல்ல தளிர் முற்ற முற்றப் பச்சையாகும். ஐரோப்பாவின் காட்டு ரோசாக்களில் ஒரு சிறு குளவி உண்டாக்கும் பாசிக்கொத்துப் போன்ற முடிச்சும் இப்படித்தான், அங்குள்ள பிரச்சினை.

எறும்பு மொட்டில் ஊர்ந்தால் எறும்புத் தூளைக் கொட்டுவதும் தவறு. எறும்பு வருவது அழுக்கணவனோ மாப்பூச்சியோ விடும் இனிப்புக் கழிவுக்காக. அந்தச் சாறு உறிஞ்சும் பூச்சியைத் தேடித் துடைத்தால் எறும்பு தானாகப் போகும். அடித்தண்டில் வெள்ளைச் செதில் படிந்திருந்தால் நகத்தால் சுரண்டுங்கள். செதில் கழன்று கீழே சிறு பூச்சி தெரிந்தால் அது செதிற்பூச்சி, பழைய பற்தூரிகையும் சவர்க்காரத் தண்ணீரும் போதும்.

ஒட்டுக்குக் கீழிருந்து வேகமாக நீளும் கொப்பு ஒன்று, நோய் நொடி இல்லாமல் பச்சைப்பசேலென்று இருக்கும். மற்றக் கொப்பெல்லாம் வாடியிருக்கும்போது இதுவாவது பிழைத்ததே என்று வளர்ப்பார்கள். அது வேரிலுள்ள காட்டு ரோசா. ஒட்டின் உணவையெல்லாம் அதுவே எடுத்துக்கொள்ளும். ஏழு சிற்றிலை இருந்தால் காட்டுக்கொப்பு என்ற கணக்கை மட்டும் நம்ப வேண்டாம், சில நல்ல வகைகளுக்கும் ஏழு வரும். மண்ணை விலக்கி, எங்கிருந்து கிளம்புகிறது என்று பாருங்கள். ஒட்டுக்குக் கீழே என்றால் வெட்டாமல், அடியோடு பிய்த்து எடுங்கள். வெட்டினால் இரண்டாக வரும்.

இவ்வளவு பார்த்தும் பிடிபடவில்லை என்றால் கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரைக் கேளுங்கள், அல்லது விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்துக்கு எடுங்கள். காய்ந்து கருகிய இலையைக் கொண்டுபோக வேண்டாம், அதில் ஒன்றும் தெரியாது. நோய் தொடங்கும் இலை, பாதி பரவிய இலை, நல்ல இலை மூன்றும் உள்ள ஒரு சிறு கொப்பைப் பத்திரிகைத் தாளில் சுற்றி எடுத்துப் போங்கள். கடைசியாக என்ன மருந்து, எந்த நாளில் அடித்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.