நிற்காமல் சீறிய பழைய ஏர் கம்ப்ரசர்

பெயர்ப்பலகையில் எழுத்தழிந்து போன, சக்கரம் வைத்த பழைய ஏர் கம்ப்ரசரின் மாடலை, பெயின்டுக்கு அடியில் புடைத்திருந்த வார்ப்பு எண்ணைக் கொண்டே அடையாளம் கண்டேன். டேங்கை நீரழுத்தச் சோதனைக்கு உட்படுத்திய பிறகு ஓட்டியபோது, மோட்டார் நின்ற பின்னும், டேங்கின் அழுத்தத்தைப் பொறுத்து மோட்டாரை ஓட்டி நிறுத்தும் பிரஷர் சுவிட்சின் அடியிலிருந்து காற்று சீறிக்கொண்டே இருந்தது. சுவிட்சை மாற்றியும், இணைப்புகளுக்குப் புது டேப் சுற்றியும் நாட்கள் வீணானதுதான் மிச்சம்.

மோட்டார் ஓடும்போது மட்டும் அந்தச் சீறல் அறவே இல்லை; விடை அதில்தான் இருந்தது. சுவிட்சிலுள்ள அன்லோடர் வால்வு, மோட்டார் நின்றதும் பம்புக்கும் டேங்குக்கும் இடையிலுள்ள குழாயின் காற்றை மட்டும் சில நொடிகளில் வெளியேற்ற வேண்டும். சீறல் நீடித்தால், டேங்கின் நுழைவாயிலில், காற்றை உள்ளே மட்டும் விட வேண்டிய செக் வால்வு சரியாக மூடாமல் டேங்கின் காற்றே திரும்பி வருகிறது என்று பொருள். காற்றை முழுதும் வெளியேற்றிவிட்டு அதைக் கழற்றினால், ரப்பர் வட்டில் கரி படிந்து, ஓரத்தில் துருத் துணுக்கொன்று சிக்கியிருந்தது. உட்புறத்தைத் துடைத்து வட்டை மாற்றியதும் சீறல் ஓரிரு நொடிகளில் அடங்கியது, பெரிய நிம்மதி.